ஒல்லாந்துச் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு வாக்குமூலம்

புருசெத், ஒஸ்லோ
07.12.2003, ஞாயிற்றுக்கிழமை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய பெரியக்கா அவர்களுக்கு,

தம்பி ஜெகதீஸ்வரன் நோர்வேயிலிருந்து எழுதுவது. இங்கே உங்கள் மகள் அஜந்தா சுகம், மருமகன் வின்சென்ற் சுகம், பேத்தி ஆரபி தேவைக்கு அதிகமாகவே சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. அதன் விபரம் உரிய இடத்தில் வரும். அத்தானின் முழங்கால் எந்த நிலையில் இருக்கிறதோ தெரியவில்லை. நல்லூரானிடம் இரண்டு பேருடைய மூட்டுகளையும் சேர்த்தே ஒப்படைத்திருக்கிறேன். இங்கே பின்னேரம் மூன்றரை மணிக்கே இருட்டி விடுவதால், சாமி கும்பிடுவதற்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் இடைவெளி அவ்வளவாக இல்லை.

பலாலியில் என்னை விமானம் ஏற்றும்போது நீங்கள் இரண்டு கட்டளைகள் இட்டீர்கள். ஒன்று, பிள்ளை கட்டிக்கொண்ட ஒல்லாந்துக்காரன் எப்படிப்பட்டவன், அவன் வீட்டார் எப்படிப்பட்டவர்கள், பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறார்கள் என்பதைத் தீர விசாரித்து எழுத வேண்டும். இரண்டு, அதே புருசெத்தில் இருக்கிற சபாரத்தினத்தோடு ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. முதலாவது கட்டளையைச் சரிவர நிறைவேற்றியிருக்கிறேன். இரண்டாவதைப் பற்றி எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனையும் கையுமாக இருக்கிறேன். எனவே முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

மருமகன் வின்சென்ற் ஆறடி நாலு அங்குலம். கதவு நிலைகளுக்கெல்லாம் தலை குனிந்து பழகியதால் பார்ப்பதற்கு எப்போதும் பணிவாகவே தெரிகிறார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், "வாங்கோ மாமா, பயணம் எப்பிடி? களைச்சுப் போனியளே?" என்று கேட்டார். நான் திடுக்கிட்டுப் பின்னால் யாராவது எங்கள் ஊர்க்காரர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாம் அஜந்தா பழக்கிய தமிழ். வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர், உடுப்புத் தோய்ப்பது அவர், அஜந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை வேலை என்றால் ஆரபிக்குத் தலை பின்னுவதும் அவர். பின்னல் கொஞ்சம் கோணல்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்த ஆண்பிள்ளை நேராகப் பின்னினான், சொல்லுங்கள் பார்க்கலாம்.

நான் வந்து பத்தாம் நாள் அவருடைய தாயார் ஒல்லாந்திலிருந்து வந்திறங்கினார். பெயர் வில்லமைன். எனக்கு அது வாயில் வராததால் சம்பந்தி அம்மா என்றே அழைக்கிறேன். அவரும் அதைத் தன் பெயர் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார். வயது எழுபத்தொன்று, நடை முப்பது. வந்து கதிரையில் அமர்ந்த முதல் ஐந்து நிமிடத்தில், என் பெட்டியில் கருவாடு மணக்கிறது என்றும், என் கம்பளிச் சட்டை எனக்குப் பொருந்தவில்லை என்றும், என் காது மயிரை வெட்டினால் முகத்துக்கு நல்லது என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். நான் அன்றிரவே உங்களுக்கு ஒரு கடுமையான கடிதம் எழுத நினைத்தேன். மறுநாள் காலை அவரே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, என்னை ஜன்னல் வெளிச்சத்தில் இருத்தி, காது மயிரை வெட்டிவிட்டார். பெரியக்கா, முகத்துக்கு நல்லதாகத்தான் இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் கதைக்கிறோம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். அரசாங்கக் கச்சேரியில் தலைமை லிகிதர் என்பதை எப்படி விளக்குவதென்று தெரியாமல், "முப்பத்து மூன்று வருசம் கந்தோர்" என்றேன். அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்பது அவர்களுடைய சொல்லாம்! நாங்கள் பீன்ஸைப் போஞ்சி என்பதும் அவர்களுடையதாம். நான் உற்சாகம் தலைக்கேறி, எங்கள் ஊரில் காலைக்கடனுக்குப் போகிற இடத்தை இன்னதென்று சொல்லுவோம் என்று அந்தச் சொல்லையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அதுவும் அவர்களுடையதுதானாம், ஆனால் இப்போது அங்கே அதை வாயைவிட்டு யாரும் சொல்வதில்லையாம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் கோட்டை கட்ட வந்தவர்கள் எங்களிடம் விட்டுப்போன சொற்களை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த இடத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பிறந்தநாட்களை எழுதிய கலண்டர், எல்லோரும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கட்டாயம் போகிற அந்த அறையின் சுவரில்தான் தொங்குகிறது. அதில் உங்கள் பெயரும் இருக்கிறது. கோபிக்க வேண்டாம், மிகவும் மரியாதையோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். காலையில் பாண். பாணில் வெண்ணெய் பூசி, அதன்மேல் சொக்லேற்றைக் கடுகளவு துண்டுகளாக மழை போலத் தூவிச் சாப்பிடுகிறார்கள். குழந்தைக்கென்று நினைத்தேன், வளர்ந்த மனிதரும் அதைத்தான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நான் முதல் நாள் மறுத்தேன், இரண்டாம் நாள் ருசி பார்த்தேன், இப்போது நான்தான் பெட்டியை முடிக்கிறேன். மத்தியானம் பட்டாணியை வேகவைத்துக் கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் ஒரு சூப் வைத்தார். மீனுக்குப் பதிலாக இறைச்சி போட்டதே தவிர, எங்கள் கூழுக்கு அது தம்பி முறை. பிறகு உப்பில் ஊறிய பச்சை மீன். அதை வாலில் பிடித்து, தலையை அண்ணாந்து, வெங்காயத்தோடு வாய்க்குள் இறக்க வேண்டும். நான் ஒரு பச்சை மிளகாயை அரிந்து தேசிக்காய் பிழிந்து மேலே போட்டேன். சம்பந்தி அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, தன் எழுபத்தொரு வயதும் வீணாகப் போய்விட்டதே என்றார்.

ஒன்றே ஒன்றுதான் என்னால் முடியவில்லை. கறுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு இனிப்பு கொடுத்தார். வாயில் போட்டால் இனிப்பில்லை. உப்பு, அதோடு மருந்துக்கடை வாசம். துப்பினால் மரியாதை இல்லையென்று விழுங்கிவிட்டு, "மிகவும் நன்று" என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றுமுதல் என் கோப்பித் தட்டில் தினமும் ஆறு. ஒன்பது நாள் தின்றேன், பெரியக்கா. பத்தாம் நாள் பூச்சாடிக்குள் போடும்போது பிடிபட்டேன். "பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை. முப்பத்து மூன்று வருடம் மேலதிகாரிகளுக்கு மறுமொழி எழுதிய எனக்கு!

இனி இரண்டாவது கட்டளை.

சபாரத்தினம் எங்கள் சின்னம்மாவின் மகன் என்பதையும், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் என்பதையும், எண்பத்து மூன்றாம் ஆண்டு அஜந்தா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால் "பாயாசம் அடிப்பிடிச்சுப் போச்சு" என்று சத்தமாகச் சொன்னவன் என்பதையும் நான் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அன்று நீங்கள் ஏசினீர்கள், அவன் எழும்பிப் போனான், அதோடு நம் வீட்டில் அவன் பெயர் வெட்டுப்பட்டுப் போயிற்று. இங்கே அவன் பஸ் ஓட்டுகிறான். கலியாணம் கட்டவில்லை. நான் வந்து மூன்றாம் நாள் கடைக்குப் போக ஏறிய பஸ்ஸில் அவன்தான் சாரதி. நான் உங்கள் முகத்தை மனதில் நினைத்துக்கொண்டு, ரிக்கற்றைக் காட்டிவிட்டு மறுபக்கம் பார்த்தபடி பின்னால் போனேன். அவன் மைக்கை எடுத்து, நோர்வேக்காரர் நிறைந்த பஸ்ஸில் தமிழில், "அண்ணை, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, வளைவு வருது" என்றான். நான் பிடிக்கவில்லை. வளைவு வந்தது. ஒரு நோர்வேக்கார அம்மையாரின் மடியில் இருந்தேன். ஆனாலும் ஒரு சொல் பேசவில்லை, பெரியக்கா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை மாதக் கடைசியில் சம்பந்தி அம்மா ஒரு தொப்பியோடு வந்து நின்றார். ஒல்லாந்தரிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். மார்கழி ஐந்தாம் திகதி பின்னேரம், வெள்ளைத் தாடி வைத்த ஒரு பழைய கிறிஸ்தவ ஆயர் குதிரையில் கூரைமேல் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு போடுவார். பெரியவர்கள் சீட்டெடுப்பார்கள். யாருடைய பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசை வேறெதுவோ போலத் தெரியும்படி ஒட்டிக் கட்டி, கூடவே அவரைக் கேலி செய்து ஒரு பாட்டும் எழுதி வைக்க வேண்டும். எழுதியவர் பெயர் போடக் கூடாது. ஆயர் எழுதியதாகக் கணக்கு. கேலி செய்யப்பட்டவரே அதை எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசிக்க வேண்டும். "கேலியோ?" என்று கேட்டேன். "ஓம் மாமா, நல்லா ஏச வேணும். ஏசினால்தான் அன்பு எண்டு அர்த்தம்" என்றார் வின்சென்ற். நான் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்த துண்டில் அஜந்தாவின் கையெழுத்தில் 'சபா மாமா' என்று இருந்தது.

"இவன் எங்கை இதுக்குள்ளை வந்தவன்?" என்று கேட்டேன். அஜந்தா என் முகத்தைப் பார்க்காமல், "அவர் ஒவ்வொரு வருசமும் வாறவர், மாமா" என்றாள். தொப்பியைப் பிடித்தவளும் அவள், துண்டுகளை எழுதியவளும் அவள். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. என் அறைக்குப் போய், கதைக்காதே என்றுதான் பெரியக்கா சொன்னாவே தவிர எழுதாதே என்று சொல்லவில்லை என்று ஒரு சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, கடதாசியை எடுத்தேன்.

இடுப்பின் கதை இங்கேதான் வருகிறது. நான் வந்த நாள்முதல் எல்லோரும் ஐசில் வழுக்கி விழாதே, ஐசில் வழுக்கி விழாதே என்று சொல்லிச் சொல்லி, நான் தெருவில் தாரா வாத்து மாதிரி நடந்து ஒரு தடவைகூட விழவில்லை. விழுந்தது வீட்டுக்குள்ளே, ஒரு கரட்டால். ஆயரின் குதிரைக்குத் தின்னவென்று பிள்ளைகள் சப்பாத்துக்குள் கரட் வைப்பார்களாம். ஆரபி தன் சப்பாத்தில் வைத்தது போதாதென்று, தாத்தாவுக்கும் பரிசு கிடைக்கட்டும் என்று என் சப்பாத்திலும் வைத்துவிட்டாள். நான் விடியற்காலையில் அதற்குள் காலை விட்டேன். உள்ளே ஏதோ குளிராக, நீளமாக, உயிருள்ளது போல இருந்தது. பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. சப்பாத்து அடுக்கும் ராக்கையோடு நான் நிலத்தில் கிடந்தேன். அஜந்தாவும் வின்சென்றும் வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பந்தி அம்மா யாரைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறீர்கள்? அவருக்கு நம் வீட்டுச் சண்டை எதுவும் தெரியாது. காரோடு வரக்கூடிய ஆளை அழைத்தார். வந்தவன் சபாரத்தினம். என்னைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தான்.

டொக்டர் ஒரு இளம் நோர்வேப் பெண். அவர் கேட்பதைச் சபாரத்தினம் தமிழில் சொல்ல வேண்டும், நான் சொல்வதை நோர்வேஜிய மொழியில் அவன் சொல்ல வேண்டும். நான் அவனோடு கதைக்க முடியாது. "எங்கை நோகுது அண்ணை?" என்று கேட்டான். நான் டொக்டரின் கண்களை நேரே பார்த்து, "இடுப்பிலை, டொக்டர்" என்று தமிழில் சொன்னேன். டொக்டர் விழித்தார். சபாரத்தினம் மொழிபெயர்த்தான். அவர் திரும்பவும் ஏதோ கேட்டார்.

"எப்பிடி விழுந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"சப்பாத்துக்குள்ளை கரட் இருந்தது, டொக்டர்."

சபாரத்தினம் என் பக்கம் குனிந்தான். "அண்ணை, இதை நான் அப்பிடியே சொன்னால் அவ உங்களை வேறை வாட்டுக்கு அனுப்பிப் போடுவா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு நொந்தது, நொந்ததால் கண்ணில் நீர் வந்தது, அதைக் கண்டு டொக்டர் பயந்து படம் எடுக்க அனுப்பினார். எலும்பு முறியவில்லை. அவன் என்னைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் விட்டு, தலையணையைச் சரிசெய்து, ஒரு சொல்லும் எதிர்பார்க்காமல் போனான். அப்போதும் நான் கதைக்கவில்லை, பெரியக்கா. ஆனால் அன்று கதைக்காமலிருப்பது இடுப்பைவிட அதிகமாக நொந்தது.

பாட்டை எழுத இருந்தேன். என் திறமை உங்களுக்குத் தெரியும். ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் பாட்டுக்கு என்னிடம்தான் வருவார்கள். செத்தவரைப் புகழ்வது என் கை தானாகவே செய்யும் வேலை. உயிரோடிருப்பவரைக் கேலி செய்ய அதற்குப் பழக்கமில்லை. நாலு நாள் முயன்றேன். கேலி என்று தொடங்குவேன், இரண்டாம் அடியில் பண்பாளர் என்று வந்து நிற்கும். ஐந்தாம் நாள் நேரமில்லாமல் வந்ததை அப்படியே மடித்து, அவனுக்கு வாங்கிய கையுறையோடு வைத்துக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் சுற்றி அமர்ந்தோம். ஏலமும் கராம்பும் மணக்கிற சின்னச் சின்ன பிஸ்கற்றுகளை ஆயர் கதவைத் திறந்து அறைக்குள் வீசினார். ஆயரின் கையில் வின்சென்றின் மணிக்கூடு கட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் பெயரின் முதலெழுத்து சொக்லேற்றில். முதலில் சம்பந்தி அம்மா தனக்கு வந்த பாட்டை வாசித்தார். மகன்தான் எழுதியிருக்க வேண்டும். கோப்பிக்கு ஆளுக்கு ஒரே பிஸ்கற் கொடுத்துவிட்டுத் தகரப் பெட்டியை மூடுகிற அவருடைய பழக்கத்தைப் பற்றி. அம்மாவின் தகரம் கோட்டைக் கதவு மாதிரி, ஒருமுறை மூடினால் பீரங்கி கொண்டுவந்தாலும் திறக்காதாம். நம் வீட்டில் ஒரு மகன் தாயைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் உறவு முறிந்திருக்கும். அவர் சிரித்துச் சிரித்து மூன்று தடவை வாசித்தார்.

அடுத்தது சபாரத்தினம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான்:

அன்பினுக்கோர் உறைவிடமாய் அவனியிலே வந்துதித்தாய்
பண்பினுக்கோர் இலக்கணமாய்ப் பனிநாட்டில் வாழ்ந்திருந்தாய்
பேருந்தைச் செலுத்திவந்த பெருந்தகையே, குணக்குன்றே,
ஆறாத துயரினிலே ஆழ்த்திவிட்டுச் சென்றதெங்கே?

அஜந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆரபி, "அம்மா, சபா மாமா செத்துப் போனாரோ?" என்று கேட்டாள். வின்சென்ற் தாயாருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபாரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என்னைப் பற்றி நல்லதாய் நாலு வரி எழுதுறதுக்கு நான் சாகோணும் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றான். யார் எழுதியதென்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு திடீரென்று எழும்பி, என் மடியில் இருந்த பொதியைப் பறிக்கப் பார்த்தான். "அண்ணை, அதை வாசிக்க வேண்டாம். தெரியாமல் எழுதிப் போட்டன்" என்றான். சம்பந்தி அம்மா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி, வந்ததை வாசிக்காமல் விட முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்.

என் பொதி மட்டையால் செய்த ஒரு பெரிய சட்டி. உள்ளே அடியில் கறுப்பு மை பூசியிருந்தது. நான் அதைத் தொப்பி என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினேன். முழுவதையும் தருகிறேன், மறைப்பதில் இனிப் பயனில்லை:

கச்சேரிக் கந்தோரில் கதிரைக்குப் பாரமென
முப்பத்து மூன்றாண்டு முதுகொடிய இருந்தவராம்;
செத்தவரைப் பாடவென்றால் சிங்கம்போல் எழுந்திடுவார்,
இருப்பவரைக் கண்டாலோ ஊமையாய்ப் போய்விடுவார்.

அஜந்தா சடங்கன்று அடுப்படியில் காவல்வைத்து
அகப்பையும் கொடுத்தார்கள், அசையாதே என்றார்கள்;
வானொலியில் கிரிக்கெட்டு வர்ணனையும் கேட்டதுவாம்,
வாசலுக்குப் போனவர்தான் வழிமறந்து நின்றுவிட்டார்.

கிடாரம் அடிப்பிடித்த காரணத்தைத் தெரிந்தும்நான்
கேட்டவர்க்குச் சொல்லாமல் கிழடாகிப் போய்விட்டேன்;
அடிப்பிடித்த பாயாசம் ஆறிற்று இருபதாண்டு,
அண்ணை, இனியெனினும் ஒருவார்த்தை கதையுங்கோ!

இரண்டாவது பந்தியில் கிரிக்கெட் வந்தபோதே என் குரல் இறங்கிவிட்டது. ஆனால் விதி விதிதான், வாசித்து முடித்தேன். ஓம், பெரியக்கா. பாயாசம் கொதித்த பெரிய கிடாரத்தைக் கிண்டிக்கொண்டு நிற்கச் சொல்லிச் சமையல்காரர் என்னிடம்தான் அகப்பையைத் தந்துவிட்டுப் போனார். நான் ஒரு ஓவர் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். நீங்கள் சபாரத்தினத்தை ஏசும்போது நான் உங்களுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றேன். அன்றும் வாய் திறக்கவில்லை, அடுத்த இருபது வருடமும் திறக்கவில்லை.

வின்சென்ற் தாயாரின் காதில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "நீங்களா எரித்தீர்கள்?" என்று கேட்டார். இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஓம்" என்றேன்.

"சரி. கோப்பி குடிப்போமா?" என்றார். தகரத்தைத் திறந்து எனக்கு இரண்டு பிஸ்கற் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் உங்கள் கட்டளையை மீறினேன். "சபா, நீ ஏனடா சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவன் என் தலையிலிருந்த சட்டியை எடுத்துக் கீழே வைத்தான். "சொல்லியிருந்தால் பெரியக்கா உங்களோடையும் கதைச்சிருக்க மாட்டா. எனக்கு ஓடிவர ஒரு நாடு கிடைச்சுது. நீங்கள் அவவுக்குப் பக்கத்து வீடு அண்ணை, நீங்கள் எங்கை ஓடுறது?" என்றான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று எனக்குத் தெளிவில்லை. இடுப்பு மட்டும் நொந்தது.

இன்னுமொன்று. அஜந்தா தொண்ணூறாம் ஆண்டு இருபது வயதுப் பிள்ளையாய் இங்கே படிக்க வந்தபோது, விடுதியில் இருப்பதாக உங்களுக்கு எழுதியது பொய். நாலு வருடமும் சபாரத்தினத்தின் வீட்டில்தான் இருந்தாள். அவன் தன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, விறாந்தைச் சோபாவில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருக்கிறான். பிள்ளையின் கலியாணப் பதிவில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவனும் அவன்தான். உங்களுக்குப் பயந்து எல்லோரும் மறைத்துவிட்டார்கள். நானும் அந்தப் பரம்பரைதானே, அதனால் குற்றம் சொல்ல மாட்டேன்.

பெரியக்கா, இவர்கள் நல்ல மனிதர்கள். பிடிக்கவில்லை என்றால் சோற்றுக் கோப்பை ஆறுவதற்குள் சொல்லிவிட்டு, அதே கோப்பையில் திரும்பவும் சாப்பிடுகிறார்கள். உங்கள் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சிரிக்கிறாள். ஒல்லாந்தர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்ற உங்கள் சபதத்தை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் குற்றத்துக்கு என்ன தண்டனை என்றாலும் ஊருக்கு வந்து ஏற்றுக்கொள்கிறேன். கோபம் எல்லாவற்றையும் என்மேல் மட்டும் வையுங்கள். சபாரத்தினத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். "சுகமோ" என்று மட்டும் இருந்தாலும் போதும். இதை வாசிக்கும்போது பக்கத்தில் தண்ணீரும் இரத்த அழுத்தக் குளிசையும் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதற் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும், தவறிவிட்டது.

அத்தானின் காலடிக்கு என் வணக்கம். தெருவில் என்னைக் கேட்பவர்களுக்கு நான் கேட்டதாகச் சொல்லுங்கள், கேட்காதவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் நிழலில் உண்டு வளர்ந்த தம்பி நான், நீங்கள் நூறு வயது இருக்க வேண்டுமென்று வேண்டி, பயத்தோடு முடிக்கிறேன்.

தங்கள் குற்றவாளித் தம்பி,
க. ஜெகதீஸ்வரன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும்போது ரெலிபோன் அடித்தது. நீங்கள். அஜந்தா வெள்ளிக்கிழமையே உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இரண்டு நாளாக நான் இதை மூடிய கதவுக்குள் எழுதிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே மேலே உள்ள எல்லாம் வீண். அதைவிட வீண், நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு. நீங்கள் சொன்னதையே திரும்ப எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்: "டேய், பாயாசத்துக்கோ நான் அவனோடை கதைக்காமல் விட்டனான்? அது அடிப்பிடிச்சதெண்டு வாயிலை வைச்ச எல்லாருக்கும் தெரியும். நீதான் எரிச்சனி எண்டு உன்ரை சட்டையிலை மணந்தது. அவன் இலையிலையிருந்து எழும்பிப் போனவன். என்ரை வீட்டிலை சாப்பிடாமல் போனவன். அதுக்குத்தான்." ஞாயிற்றுக்கிழமை என்று இங்கே வந்திருந்த சபாரத்தினம் ரெலிபோனை என்னிடமிருந்து வாங்கினான். காதில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தான். பிறகு, "அக்கா, எனக்குப் பசிக்குது" என்றான். அதன்பின் நீங்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் என்ன கதைத்தீர்களோ எனக்குத் தெரியாது. கடைசியாக என்னைக் கூப்பிட்டு, சித்திரையில் இங்கே வருவதாகவும், வரும்போது உங்களைப் பற்றியும் அப்படி ஒரு ஏச்சுப் பாட்டு எழுதித் தயாராக இருக்க வேண்டும் என்றும், புகழ்ச்சி ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்துவிட்டீர்கள். இப்போது நாங்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறோம். கடதாசி நடுவிலே இருக்கிறது. அஜந்தா சபாரத்தினத்தைப் பார்க்கிறாள், சபாரத்தினம் என்னைப் பார்க்கிறான், நான் மருமகனைப் பார்க்கிறேன், அவர் கதவு நிலை இல்லாத இடத்திலும் தலை குனிந்திருக்கிறார். சம்பந்தி அம்மா ஒருவர்தான் துணிந்து பேனையைக் கையில் எடுத்தார். சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பேனையை வைத்துவிட்டுக் கோப்பி போட எழும்பிப் போய்விட்டார்.